நான் தேய்த்து அழித்த நம்பர்கள்

சர்க்கரை மாத்திரைக்குக் காத்திருக்கும் வரிசையில் நம் வயதுக்காரிகள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியோ சின்ன வயதுக்குப் போய்விடுகிறது. நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. என் சின்ன வயதில் சொல்ல ஒன்றும் இல்லை. மயிலம் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், களை பிடுங்கினேன், மூன்றாம் வகுப்போடு நின்றேன், அவ்வளவுதான். நான் கண்ணாரப் பார்த்த சின்ன வயது என் மகளுடையது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள். அவளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது வந்த ஐப்பசி மாதத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். எனக்கு எதையும் நிதானமாகத்தான் சொல்ல வரும். பொறுத்துக் கேளுங்கள்.

அப்போது திண்டிவனத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் கண்டக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்த பஸ். மற்ற கண்டக்டர்கள் வீட்டுக்குக் கருவாடு கொண்டுபோவார்கள், முருங்கைக்காய் கொண்டுபோவார்கள். இவர் கம்ப்யூட்டர் கொண்டுவருவார். விழுப்புரம் தனி ஜில்லா ஆன பிறகு அங்கே ஆபீஸ்கள் பெருகின. ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தால் பழசை ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். இவர் அதை எடுத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கோணி போட்டு மூடி, மல்லாட்டை மூட்டைகளோடு மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். புதுச்சேரிக் கம்பெனிகளில் வேலை பார்த்த கண்டமங்கலத்துக்காரர்கள் இரண்டு பேரும் இவருக்காகப் பொறுக்கி வைப்பார்கள்.

பழையது ஆறு, புதியது ஒன்று. மொத்தம் ஏழு பெட்டிகள். புதியது மகளுக்கென்று வாங்கியது, அதில் படமெல்லாம் கலரில் வரும். மற்ற ஆறுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். பச்சையாக எழுத்து வருவது பச்சைக்காரி. பிளாப்பி என்கிற அகலத் தகடு நுழைக்கிற ஓட்டை இரண்டு இருப்பது ரெண்டு வாய். டிவியில் மாட்டினால்தான் வேலை செய்யும் ஒன்றுக்கு ஒட்டுண்ணி என்று பெயர். போட்டவுடன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முனகும். ரெண்டு வாய் தகட்டை வாங்கிக்கொண்டு எலி கொறிப்பதுபோல் கறுக் கறுக்கென்று நேரம் எடுக்கும். சூடேறினால் அறை முழுக்கப் பொசுங்கின தூசி வாசனை. அப்பாவும் மகளும் அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து கேப்பைக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துபோவார்கள். அச்சடிக்கிற காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக ஒரு பட்டை இருக்கும். அதைக் கிழித்து மகள் மாலை கட்டி வைப்பாள். மௌஸுக்குள் இருக்கும் ரப்பர் குண்டை எடுத்துச் சொட்டாங்கல் ஆடித் தொலைத்தாள். இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவே இல்லை.

எனக்கு அந்தப் பெட்டிகள்மேல் கோபம் கிடையாது. பயம் உண்டு. மழை வந்தால் ஓடு எங்கே ஒழுகுமோ, ஒயரில் தண்ணீர் இறங்குமோ, பிள்ளை ஈரக்கையோடு தொடுமோ என்று அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஈரம் ஏறாமல் இருக்க இவர் பெட்டிகளுக்கு நடுவில் குண்டு பல்பு எரியவிடுவார். பல்பு வெடிக்குமோ என்று அதற்கு ஒரு பயம்.

அந்த வருடம் நவராத்திரிக்கு நாத்தனார் வந்தாள். கோலியனூரில் வாழ்க்கைப்பட்டவள். வந்தவள் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, எல்லாத்துலயும் ஆபீஸ் பேரு போட்டுக்கீது. எங்க அண்ணன் கண்டக்டரா, ஆபீசரா?"

போன வருடம் எடுத்த நாலு பெட்டிகளின் விலாவில் வெள்ளை பெயிண்டில் ஆபீஸ் பெயரைச் சுருக்கி எழுதி, கீழே நம்பர் போட்டிருந்தது.

"ஏலத்துல எடுத்ததுதான்" என்றேன்.

"எடுத்தது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாக்கறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு காபியை ஊதிக் குடித்தாள்.

அவள் போய்விட்டாள். அந்தச் சொல் போகவில்லை. நம் வீடுகளில் குடமோ குண்டானோ வாங்கினால் முதல் வேலை பெயர் வெட்டுவதுதானே. அடுத்த வீட்டுப் பெயர் வெட்டின சொம்பு நம் வீட்டில் இருந்தால் வருகிறவர்கள் கேட்கமாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள். என் மாமியார் செத்த வீட்டில் மாறி வந்த ஒரு தாம்பாளத்தை நான் மூன்று தெரு தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தவள். என் வீட்டில் அடுத்தவன் பெயர் போட்ட பொருள் நாலு நிற்கிறது என்றால் எனக்குச் சோறு இறங்குமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள். இவர் டியூட்டிக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில். பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்து எழுத்தின்மேல் ஒட்ட வைத்தேன். பத்து நிமிடம் ஊறவிட்டால் பெயிண்ட் இளகிவிடும். அப்புறம் தேங்காய் நாரால் நிதானமாகத் தேய்க்க வேண்டும். நாலு பெட்டியும் பளிச்சென்று ஆயிற்று. எழுத்து இருந்த இடத்தில் லேசாக ஒரு தழும்பு தெரிந்தது. மறுநாள் பூஜையில் அந்தத் தழும்பின்மேலேயே சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தேன். சாம்பிராணியும் போட்டேன். அவர் தன் டிக்கெட் பைக்கும் விசிலுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே, "கம்ப்யூட்டருக்குக் கல்யாணக் களை வந்துடுச்சு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து, மழை விட்டிருந்த ஒரு காலையில் ஏட்டு ஒருவர் வந்தார், கூட ஒரு போலீஸ்காரர். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்கள் திருட்டுப் போயிருந்தன. பஸ்ஸில் கம்ப்யூட்டர் ஏற்றிக்கொண்டு போகிற கண்டக்டர் என்று யாரோ கைகாட்டிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இவருக்கு லீவு, மகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை.

ஏட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். "கண்டக்டரே, டிக்கெட் கிழிக்கிற கைக்கு இத்தினி கம்ப்யூட்டர் எதுக்குய்யா?"

"ஒரு ஆசைங்க."

"ஆசைன்னா புறா வளப்பான், சண்டைக் கோழி வளப்பான். இது இன்னாய்யா ஆசை, தீனி துன்னாத ஆசை?"

இவர் சிரித்துக்கொண்டே துணிப் பெட்டியிலிருந்து ஏலக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவருக்குக் கொஞ்சமும் பயமில்லை. மடியில் கனமில்லாதவர் சிரிக்கிற சிரிப்பு அது. ஏட்டு கடிதத்தைப் படித்துவிட்டு, "நாலு நம்பர் போட்டுக்கீது. பொருள்ல காட்டு" என்றார்.

இவர் பச்சைக்காரியைத் திருப்பினார். காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்தார். ஒன்றுமில்லை. அடுத்ததை வழித்தார். நாலாவதை வேட்டி முனையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நம்பரச் சொரண்டிட்டா பொருள் உன்னுது ஆயிடுமா?" என்றார் ஏட்டு. இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

நாலு பெட்டிகளையும் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். தினமும் காலையில் வந்து விழுப்புரம் ஸ்டேஷனில் உட்கார வேண்டும் என்று இவருக்கு உத்தரவு. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

வண்டி திரும்பியதும் இவர் உள்ளே வந்தார். நேரே மகளிடம் போனார். போன மாதம் புதுக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டை அவள் பிளேடால் சுரண்டிவிட்டுப் பூப் படம் ஒட்டியிருந்தாள். அதற்கே ஒரு தரம் திட்டு வாங்கினவள்.

"நீதானே சொரண்டின?"

அவள் கையிலிருந்த காகித மாலையைக் கீழே வைத்தாள்.

"சொல்லு பாப்பா. நீதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தேன். அதில் கல் ஒன்றும் இல்லை, இருந்தும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து அவர் அவளைத் தொட்டு அடித்ததில்லை. "வுடுங்க, புள்ளய அடிக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் அழாமல் போய், காலியாகிவிட்ட இடத்தில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பை அணைத்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர். சுத்தம், மானம், ஒழுங்கு தெரிந்தவள் நான். அப்படித்தான் நான் தலை நிமிர்ந்திருந்தேன். அந்தச் சுத்தமே குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போலீஸ் என்னையும் கூட்டிக்கொண்டு போகும், என் பிறந்த வீட்டுக்குத் தெரிந்துபோகும் என்ற பயமும் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை டிப்போவில் இவருக்கு டியூட்டி கொடுக்கவில்லை. கேஸ் எழுதினால் சஸ்பெண்ட் என்று சொல்லிவிட்டார்கள். காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன், மழையில் அது காயவே இல்லை. செவ்வாய்க்கிழமை பால்காரி கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்று ஊற்றிவிட்டுப் போனாள். அதே நாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்கிற பெண் இடம் மாறிக்கொண்டாள் என்றாள். மகள் என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள். ஆனால் நான் எங்கே நகர்ந்தாலும் அவள் கண் கூடவே வந்தது. வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் விளக்கெண்ணெய் தடவினேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் இவர் ஸ்டேஷனிலிருந்து வந்தார். நாலு நாளில் தாடி நரைத்து வந்திருந்தது.

"புள்ள வெளையாட்டா சொரண்டிடுச்சுன்னு சொல்லிப் பாத்தேன். இன்ஸ்பெக்டரு நம்பல. நாளைக்குப் புள்ளயக் கூட்டிக்கினு வா, அது வாயால சொல்லட்டும்னுட்டாரு."

"பொட்டப் புள்ளய ஸ்டேஷனுக்கா?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? வேலையே பூடும் போலக்கீது."

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. பேனா மட்டும் நின்றது.

வியாழக்கிழமை விடிந்ததும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். "புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க" என்று இவரை முன்னால் போகச் சொன்னேன். அப்புறம் ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி, நனைத்த துணியையும் தேங்காய் நாரையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன். அந்தக் கண்டக்டர் எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர். என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். விக்கிரவாண்டி தாண்டும்வரை பாட்டிலை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

ஸ்டேஷன் வாசலில் ஏறும்போதே ஒரு பெண் போலீஸ் மோப்பம் பிடித்துவிட்டாள். பாய்ந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"மண்ணெண்ணெய். தீக்குளிக்க வந்துக்கிறியா? தீப்பெட்டி எங்க? எடு."

"ஐயோ, நான் எதுக்கும்மா சாவணும். எனக்கு வூட்ல வேலை கெடக்குது."

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். முந்தானை, சுருக்குப்பை எல்லாம் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் பையை முறுக்கி இடுப்பில் கொசுவத்துக்குள் செருகியிருந்ததால் அது தப்பியது. உள்ளே இன்ஸ்பெக்டர் மேசைக்கு எதிரே பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீ எதுக்கு வந்த? வூட்டுக்குப் போ."

"இருய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க யாரும்மா?"

"கண்டக்டர் சம்சாரங்க. புள்ளைக்குக் காய்ச்சல் இல்லீங்க, பள்ளிக்கூடம் போயிருக்குது. அது வராது. நம்பர அழிச்சது நான்."

இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"புருசனக் காப்பாத்த இப்பிடி வர்ற பொம்பளைங்கள தெனம் பாக்கறேன். மொதல்ல புள்ள அழிச்சுதுன்னாரு, இப்ப நீங்க. பெயிண்ட்டும்மா அது. ஊட்டுப் பொம்பள தொடைச்சாப் போயிடுமா?"

"தண்ணில போவாதுங்க."

அவர் மேசைக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் விலாவிலும் அதே வெள்ளை பெயிண்டில் எழுத்தும் நம்பரும். நான் அந்த எழுத்தை உடம்பால் மறைத்தபடி ஒட்டி நின்றுகொண்டு, இடுப்பிலிருந்த பையை எடுத்துப் பிரித்து, நனைந்த துணியை எழுத்தின்மேல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன். அழுத்திக்கொண்டே பேசினேன். நாத்தனார் சொன்னதைச் சொன்னேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைச் சொன்னேன். "அடுத்தவங்க பேரு போட்ட பொருளு ஊட்ல இருந்தாத் திருட்டுப் பொருளுன்னு சொல்லுவாங்களேன்னுதாங்க அழிச்சேன்" என்றேன். தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன மூன்று தெருவின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பத்து நிமிடம் ஓட்ட வேண்டுமே. கையை மட்டும் எடுக்கவில்லை. ஸ்டேஷன் முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. பாட்டிலிலிருந்து வருகிறது என்று நினைத்து ஏட்டு அதைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் துணியை எடுத்துவிட்டு நாரால் நாலு இழுப்பு இழுத்தேன். எழுத்து போய்விட்டது.

"இப்ப இது யாரு வூட்டு கம்ப்யூட்டருங்க ஐயா?"

பெண் போலீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். "ஏம்மா, அரசாங்கப் பொருளும்மா அது" என்றார் ஏட்டு.

"அதுவும் அரசாங்கம் வித்த பொருளுதாங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். மூலையில் அடுக்கியிருந்த எங்கள் பெட்டிகளின் தழும்பையும் தடவிப் பார்த்தார். "ஏலம் வுட்ட ஆபீசுக்குப் போன் போடு" என்றார் ஏட்டிடம். "பொருளப் பாத்து அடையாளம் சொல்ற ஆளு இருந்தா வரச் சொல்லு."

மத்தியானம் ஒரு டைப்பிஸ்ட் அம்மா குடையோடு வந்தார்கள். நோட்டைப் பிரித்துப் பெட்டிகளின் பின்பக்கத் தகட்டில் இருந்த கம்பெனி நம்பரைப் பார்த்தார்கள். நாலும் ஒத்துப்போயிற்று. போகும்போது பச்சைக்காரியின் கீபோர்டைத் தொட்டு, நீளக் கட்டையில் இடது பக்கம் மட்டும் பள்ளமாக இருப்பதைக் காட்டினார்கள். "இது என் கட்டவெரலு தேஞ்ச எடம். ஏழு வருசம் அடிச்சேன்" என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இவர் பெஞ்சில் முதுகைச் சாய்த்தார்.

"நாலையும் எடுத்துக்கினு போங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "போறதுக்கு முன்னாடி நீங்க அழிச்ச நம்ம நம்பர எழுதி வெச்சிட்டுப் போங்கம்மா."

"எனக்கு எழுத அவ்வளவா வராதுங்க ஐயா."

அவர் சிரித்துவிட்டார்.

பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். இவர் வழியெல்லாம் பெட்டிகள் ஆடாமல் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவின பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாள் அடக்கி வைத்த சிரிப்பு. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவுடன் அவளை உட்காரவைத்து, நான் துணியை அழுத்திக்கொண்டு நின்றதையும், ஏட்டு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் நடித்துக் காட்டினார். "உங்கம்மா அழிச்சது. நான் உன்ன அடிச்சிட்டேன் பாப்பா" என்று சொல்லி அவள் தலையைத் தடவினார்.

அவள் சிரிக்கவில்லை. பச்சைக்காரியின் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பூஜை அன்னிக்கே தெரியும்பா. தொடைக்கப் போனா நாலுலயும் மண்ணெண்ணெய் வாசனை."

"தெரிஞ்சா ஏன் பாப்பா அடி வாங்கின? சொல்ல வேண்டியதுதானே?"

அவள் அவரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. ஒயரைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா சொல்லும்னு பாத்துக்கினு இருந்தேன்."

சொன்னேன்தான். ஊர் பேர் தெரியாத இன்ஸ்பெக்டர் முன்னால், நாலு போலீஸ் பார்க்க, பயப்படாமல் சொன்னேன். ஆனால் அது வியாழக்கிழமை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஞாயிற்றுக்கிழமை.